யார் வீட்டுப் பெண்

பெரியப்பா எங்களோடு வேங்கிக்காலுக்கு வந்து சேர்ந்தபோது நான் நாலாம் வகுப்பு. கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ரிடையர் ஆனவர். பெரியம்மா போன பிறகு அவருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. வயசானால் வருவதுதான் என்று சொல்லி டாக்டர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். உடம்பு மட்டும் இரும்பு மாதிரி இருந்தது. காலையில் எழுந்து கொல்லையில் தண்டால் எடுப்பதை அவர் மறந்ததே இல்லை.

அம்மாதான் அவரைப் பார்த்துக்கொண்டாள். சாப்பிட்டேனா என்று ஐந்தாவது தடவை கேட்டாலும் முதல் தடவை கேட்டதுபோலவே பதில் சொல்வாள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. பயம்தான் இருந்தது. டிவி பார்த்துக்கொண்டிருப்பவர் திடீரென்று திரும்பி என்னைப் பார்ப்பார். நான் யாரென்று அந்தக் கண்ணில் இருக்காது.

காலாண்டு லீவில் ஒரு நாள் அம்மா மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடைக்குப் போனாள். "பெரியப்பா தூங்கறாரு. எழுந்தாருன்னா பேச்சுக் கொடுத்துகிட்டே இரு, கதவத் தொறக்க விடாத" என்றாள். அவள் தெருமுனை திரும்பியிருக்கமாட்டாள், அவர் எழுந்தார், சட்டையை மாட்டினார், எனக்கு எட்டாத மேல்தாழ்ப்பாளை ஒரே இழுப்பில் திறந்துகொண்டு நடந்தார். நானும் செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடினேன்.

வேலூர் ரோட்டில் டவுனைப் பார்த்துப் போனார். டிரில் மாஸ்டர் நடை. நான் ஓடினால்தான் சரியாக இருந்தது. பெரியப்பா பெரியப்பா என்று கூப்பிட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைக் கேட்டுத்தான் நின்றார். குனிந்து என்னைப் பார்த்தார்.

"யாரும்மா நீ? ஏன் அழுவற?"

வீட்டுக்குப் போலாம் என்றேன்.

"பயப்படாத. உங்க வீட்ல கொண்டுபோய் விட்டுட்டுத்தான் நான் போவேன்."

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வீடு இந்தப் பக்கம் என்று நான் பின்னால் இழுக்க இழுக்க, அவர் என்னை முன்னால் இழுத்துக்கொண்டு நடந்தார். தார் ரோடு காலைச் சுட்டது. லாரிகள் உரசுவதுபோலப் போயின. பஸ் ஸ்டாண்டு வந்தபோது என் கவுன் தோள்பட்டையில் கிழிந்திருந்தது. கீழ்பென்னாத்தூர் வண்டி எங்கே நிற்கும் என்று அவர் ஒவ்வொருவரிடமும் கேட்டார். அதில் ஏற்றிவிட்டால் இனி அம்மாவைப் பார்க்கவே முடியாது என்று நான் வீறிட்டு அழுதேன்.

பூக்காரி ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். "இன்னாய்யா, யாரு இந்தப் பொண்ணு?"

"தெரியலயேம்மா" என்றார் பெரியப்பா, ரொம்ப மரியாதையாக. "யார் வீட்டுப் பொண்ணுன்னே தெரியல. அதான் கூட்டிட்டுப் போறேன்."

பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்திருப்பதாக அப்போது பேச்சு. ஒரு நிமிஷத்தில் எங்களைச் சுற்றிக் கூட்டம். லுங்கி கட்டிய ஆள் ஒருவன் என் முகத்துக்கு நேரே குனிந்து, "பாப்பா, இவரு உனக்கு சொந்தமா?" என்று கேட்டான்.

நான் நிமிர்ந்து பெரியப்பாவைப் பார்த்தேன். அவரும் என் பதிலுக்குத்தான் காத்திருந்தார். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கே அவர் யாரோபோல இருந்தது. கையை விட்டால் போதும் என்றிருந்தது. இல்லை என்று தலையாட்டினேன்.

முதல் அடி கன்னத்தில் விழுந்தது. அவர் திருப்பி அடிக்கவில்லை. என்னை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, "கொழந்தயத் தொடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது. நான் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒருவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, "டேய், எங்க சாருடா" என்று கத்தினார். பெரியப்பாவிடம் படித்தவராம். அடித்தவர்கள் இருந்த இடம் தெரியவில்லை. பூக்காரி சோடா வாங்கி வந்து அவருக்குக் குடிக்கக் கொடுத்தாள். அந்த ஆட்டோவிலேயே வீட்டுக்கு வந்தோம்.

வாசலில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் நின்றார்கள். அம்மா என்னை இறுக்கிக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். பிள்ளை பிடிக்கிறவர் என்று நினைத்து அடித்துவிட்டார்கள் என்று ஆட்டோக்காரர் சொன்னதோடு சரி.

சாயங்காலம் அம்மா துணியை வெந்நீரில் நனைத்து அவர் உதட்டில் ஒற்றினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"சேர்ந்துட்டா மாமா."

"பாவம், ரொம்ப பயந்துபோயிருந்துச்சு."

அவர் அடுத்து அதைத்தான் சொல்லப்போகிறார் என்று கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சொல்லவில்லை. ராத்திரி முழுக்க, காலையில் சொல்வார் என்று நினைத்தபடி படுத்திருந்தேன். காலையில் தண்டால் எடுத்தார், கண்ணாடியில் வீங்கிய உதட்டைப் பார்த்தார், எங்கே விழுந்தேன் என்று அம்மாவைக் கேட்டார். ஒன்றும் ஞாபகமில்லை.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. நான் தலையாட்டியது வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவரே மறந்துவிட்டார் என்றால் அது அத்தோடு தீர்ந்துபோயிற்று என்று நம்பி, அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாகவே சாப்பிட்டேன்.