நான்கு சேலை, ஒரே காலை

எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. அதனால் இந்த வாரப் பத்தியில் சிரிக்க எதுவும் கிடையாது.

கோச்சடையில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் சரவணன். அவரும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். அவருடைய அம்மா பேச்சியம்மாள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்தது. பகலில் பார்த்துக்கொள்ள ஆள்? எழுந்து நடக்கும் வரைக்கும் இருக்கட்டும் என்று வாடிப்பட்டி ரோட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். ஏசி ரூம், பிசியோதெரபி, நர்ஸ்… விளம்பரம் பிரமாதம்!

சேர்த்த கொஞ்ச நாளிலேயே மேனேஜர் போன் செய்தார். "இங்க காய்ச்சல் பரவுது சார். இப்போதைக்கு யாரும் வர வேணாம். வாராவாரம் போட்டோ அனுப்பிடுறோம்."

இவர் கூப்பிட்டால், 'அம்மா தூங்குறாங்க', 'பிசியோல இருக்காங்க'. ஆனால் ஞாயிறு தவறாமல் போட்டோ வந்தது. முதல் வாரம் பச்சைச் சேலை. அப்புறம் அரக்கு, நீலம், மஞ்சள். எல்லாவற்றிலும் சின்னச் சிரிப்பு.

ஒன்றைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்ட ஆசைப்பட்டார் சரவணன். வாட்ஸ்அப்பில் வந்தது கலங்கலாக இருக்கிறது என்று, நான்கு ஒரிஜினல்களையும் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்கினார். "இதுல எது நல்லாருக்குக்கா?" என்று என்னிடம் போனை நீட்டினார்.

போனில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த தேதி, நேரம், சில சமயம் இடம்கூடப் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அதெல்லாம் போய்விடும். டாக்குமென்ட்டாக வந்தால் அப்படியே இருக்கும். பழக்க தோஷத்தில் படத்தை மேலே தள்ளி விவரத்தைப் பார்த்தேன். அடுத்த படத்தையும் பார்த்தேன். அடுத்ததையும்…

"தம்பி, இது எல்லாமே ஒரே நாள்ல எடுத்தது."

"எப்படிக்கா? சேலை வேற வேறயா இருக்கே…"

"சேலைதான் வேற. தேதி ஒண்ணு. அம்மாவச் சேத்த அந்த வாரம், ஒரே காலைல எடுத்திருக்காங்க."

வாங்கிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "கிளம்புங்கக்கா" என்றார்.

இல்லத்தின் கேட்டிலேயே மேனேஜர் மறித்தார். படங்களின் தேதியைக் காட்டிக் கேட்டேன். "போன்ல தேதி தப்பா செட் ஆகியிருக்கும் மேடம்."

"நாலு படத்துக்குமா?"

"உள்ள விட முடியாது. ரூல்ஸ்."

சரவணன் அதிர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டேன். "எங்கம்மாவப் பாக்க எனக்கு எவன்யா ரூல்ஸ் போடுறது? தள்ளுய்யா!"

மூத்திர வாடை அடிக்கும் அறை. ஏசி ஓடவில்லை. கட்டிலில் எலும்பும் தோலுமாகப் பேச்சியம்மாள். உதடு வெடித்திருந்தது. முதுகில் படுக்கைப் புண். சத்தம் கேட்டுக் கண் திறந்தவர், என்னைப் பார்த்து மிரண்டார்.

"இன்னொரு சேல கட்டணுமா தாயி? இடுப்பு தாங்காதும்மா…"

சரவணன் சுவரில் முகத்தை வைத்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. மேனேஜரை அறையத்தான் கை வந்தது.

யோசித்துப் பாருங்கள். ஆபரேஷன் புண்கூட ஆறாத ஒரு அம்மாவைப் புரட்டிப் புரட்டி நான்கு சேலை கட்டி, 'சிரிங்க' என்று சொல்லியிருக்கிறார்கள். இதற்குப் பெயர் அலட்சியமா? இல்லவே இல்லை! வரப்போகும் வாரங்களில் இவரைக் கவனிக்கப்போவதில்லை என்று அந்தக் காலையிலேயே முடிவு செய்துவிட்டார்கள்!

நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். புண் ஆறிவருகிறது. இப்போது வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார். சரவணன் மனைவி நீண்ட லீவு போட்டிருக்கிறார். போலீஸில் புகார் கொடுத்து, அந்த ஒரிஜினல் படங்களையும் சேர்த்திருக்கிறோம். விஷயம் தெரிந்து வேறு சில குடும்பங்களும் வந்திருக்கின்றன. விசாரணையில் மேனேஜர் சொன்ன பதில் என்ன தெரியுமா? ஆள் பற்றாக்குறையாம்! போட்டோ எடுக்க மட்டும் ஆள் இருந்ததா?

உங்கள் வீட்டுப் பெரியவர்களை எங்கே விட்டிருந்தாலும் சரி, 'இப்போதைக்கு வர வேண்டாம்' என்று யாராவது சொன்னால், அன்றைக்கே கிளம்புங்கள். கேட்டைத் திறக்கவில்லையா? ஊர் கூடும்வரை கத்துங்கள்.

நாகரிகமாவது, மண்ணாங்கட்டியாவது!