இஷிகாக்கிக்கு ஓர் ஒத்திகை

என் கணவர் ஒரு பெரிய களஞ்சியசாலையில் பாதுகாப்பு அதிகாரி. கள்ளரைப் பிடிக்கிற பாதுகாப்பு அல்ல. மஞ்சள் மேலங்கி போட்டாயா, ஏணியை ஒழுங்காகச் சாத்தினாயா என்று கேட்டுத் திரிகிற பாதுகாப்பு. இடைக்கிடை, ஒன்றுமே எரியாத கட்டடத்திலிருந்து எல்லோரையும் வெளியே ஓடவிட்டு, கை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் அந்த வேலையில் அடங்கும். அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். அவர் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வேலையை விடுவதில்லை என்பதுதான் என் கரைச்சல். ஓக்லண்டில், மவுண்ட் ரோஸ்கில்லில் இருக்கிற எங்கள் வீட்டுச் சமையலறையில் எண்ணெய்ச் சட்டியின் கைப்பிடி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது.

அப்படிப்பட்ட மனிதருக்கு மகள் ஒரு கப்பல் பயணத்தைப் பரிசாகக் கொடுத்தாள். எங்கள் முப்பதாவது திருமண நாளுக்காம். ஒக்டோபரில் யோகோஹாமாவில் ஏறி, ஜப்பானின் தெற்குத் தீவுகளைச் சுற்றிவிட்டுத் திரும்புகிற கப்பல். அது ஒரு நாள் இஷிகாக்கி என்ற தீவில் நிற்கும். காலையில் இறக்கிவிடுவார்கள், மாலையில் திரும்பி ஏறிவிட வேண்டும். நேரத்துக்கு வராதவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. இந்தக் கடைசி வசனத்தை வாசித்த நாளிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை.

எனக்கும் நித்திரை இல்லை. ஆனால் அது வேறு காரணம். மகள் அனுப்பிய படத்தில் அந்தத் தீவின் கடலை நான் பார்த்துவிட்டேன். அடியில் கிடக்கிற மணல் வரைக்கும் தெரிகிற தண்ணீர். ஒக்டோபரிலும் வெதுவெதுப்பாக இருக்குமாம். ஓக்லண்டில் எந்தப் பக்கம் காரைத் திருப்பினாலும் கடல்தான் வரும். ஆனாலும் இத்தனை வருடத்தில் எங்கள் கடற்குளிப்பு என்பது கால் விரலை வைத்துப் பார்த்துவிட்டு "ஐயோ" என்று ஓடிவருவதுதான்.

இதற்குள் எனக்கு நீச்சல் வேறு வந்திருந்தது. அது வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். முழங்கால் வலிக்கு மருத்துவர் என்னைத் தண்ணீருக்குள் நடக்கச் சொன்னார். நானும், என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தியும் வேலை முடிந்ததும் நீச்சல் குளத்துக்குப் போய் நடந்தோம். அவள் எங்களுக்குக் கிட்ட ஏவன்டேலில் இருக்கிறாள். முழங்காலில் ஒரு குறையும் இல்லை, எனக்குத் துணையாக வந்தவள். நாங்கள் மாடு மாதிரி அசைந்து அசைந்து நடக்க, பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி எங்களைத் தாண்டிப் போவதும் வருவதுமாக நீந்தினாள். ஒவ்வொரு முறை தாண்டும்போதும் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை.

"அக்கா, நாமளும் கத்துக்கிட்டா என்ன?" என்றாள் இவள்.

கற்றுக்கொண்டோம். வீட்டில் அவர் நான் இன்னும் நடக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். "முழங்கால் எப்பிடி?" என்று கேட்பார். "நல்லா இருக்கு" என்பேன். அவர் முழங்காலைத் தாண்டி ஒன்றும் கேட்கவில்லை, நானும் முழங்காலைத் தாண்டி ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே அந்தப் பயணத்தில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இஷிகாக்கிக் கடலில் ஒருமுறை இறங்கி நீந்த வேண்டும். கப்பலில் வேளைக்கு வேளை போடுகிற சாப்பாடும் வேண்டாம், பாட்டுக் கச்சேரியும் வேண்டாம்.

அவரோ சாப்பாட்டு மேசையில் அந்த ஒரு நாளைப் பிரித்துப் பிரித்து அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார். பஸ் தரிப்பிடம், மலை மேல் இருக்கிற பார்வையிடம், சந்தை, மழை வந்தால் ஒதுங்க இடம், பாம்பு இருக்கிற பற்றைகள், மாட்டிறைச்சி போடாத சாப்பாட்டுக் கடை. எல்லாம் இருந்தது.

"கடலுக்கு எவ்வளவு நேரம் வச்சிருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"அரை மணித்தியாலம். கபிரா எண்டு ஒரு குடா. நல்ல வடிவான இடம்."

"இறங்கிக் குளிக்கலாமோ?"

"அங்க குளிக்க விடமாட்டினம். நீரோட்டம் கூட. அதாலதான் அந்த இடத்தைத் தெரிவு செய்தனான்."

எட்டிப் பார்த்தேன். கபிரா என்பதற்கு நேரே, 'பார்வை மட்டும்' என்று எழுதி அடியில் கோடும் போட்டிருந்தார்.

"ஊருக்குக் கிட்ட வேற கடற்கரை இருக்குதாம். வலை கட்டி வச்சிருக்கினமாம். அதுக்குள்ள பயமில்லாமக் குளிக்கலாமாம்" என்றேன்.

"வலை ஏன் கட்டினவை? வெளியால ஜெல்லி மீன் நிக்கிறபடியாத்தானே? பயமில்லாத இடத்தில ஆரும் வலை கட்டுவினமோ?"

இந்த மனிதரோடு வாதாடி வென்ற ஆள் இன்னும் பிறக்கவில்லை. மகளுக்குத் தொலைபேசி எடுத்து முறைப்பட்டுவிட்டு, போனை அவர் கையில் கொடுத்தேன். அவள் "அப்பா, இட்ஸ் எ ஹொலிடே" என்றாள். "ஹொலிடேயிலதான் கன பேர் சாகினம்" என்று இவர் போனை என்னிடம் திருப்பித் தந்தார்.

அதற்குப் பிறகுதான் ஒத்திகை என்ற பூதம் கிளம்பியது. எழுதி வைத்தால் போதாதாம், செய்து பார்க்க வேண்டுமாம். செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை ஓக்லண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற வைஹெகி தீவுக்குப் போய், அதை இஷிகாக்கி என்று வைத்துக்கொண்டு, ஒரு முழு நாளையும் நடத்திப் பார்ப்பது என்று முடிவானது. நாங்கள் திரும்ப வேண்டிய நாலு மணி ஃபெரிதான் கப்பல். ஆனால் ஃபெரியை விட்டால் அடுத்தது வரும், பயம் இருக்காது. அதனால் பயத்துக்காக என் நீச்சல் கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு போனார்.

"தங்கச்சி, நீங்கள்தான் கப்பல்" என்றார் இறங்குதுறையில். "நீங்கள் இந்தப் பக்கத்தில எங்கயாவது திரியுங்கோ. நாலு மணிக்கு ஃபெரியில ஏறோணும். நாங்கள் வராட்டி இரக்கம் பாக்கக்கூடாது. விட்டிட்டுப் போயிடோணும்."

"சரிங்கண்ணே. கப்பல்னா கப்பல்தான்" என்றாள் அவள், சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. பையில் நான் விடிய எழும்பிச் சுட்ட மரக்கறி றோல்ஸும், அவள் கிண்டிய புளியோதரையும், தேத்தண்ணிப் போத்தலும் இருந்தன. கப்பலில்தானே சாப்பாடு இருக்கும் என்று அவரே அதை அவளிடம் கொடுக்கச் சொன்னார்.

ஒத்திகை என்றால் எனக்கும் ஒத்திகைதான். நான் சட்டைக்கு உள்ளே நீச்சலுடையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் மூடுகிற உடை. பஸ்ஸில் ஏறி இறங்குவதற்குள் வேர்த்துக் கொட்டிவிட்டது.

அவருடைய அட்டவணை அன்றைக்குப் பிசகவே இல்லை. பஸ் வந்தது. பார்வையிடத்தில் பார்வை இருந்தது. சந்தை என்று வைத்துக்கொண்ட கடைத்தெருவில் ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தோம். மனிதருக்கு முகமெல்லாம் பூரிப்பு. கடைசி இடம் ஓனெரோவா கடற்கரை. அதுதான் கபிரா. மேலே தெருவோரம் ஒரு மர வாங்கில் அமர்ந்து கீழே கடலைப் பார்த்தோம்.

"இறங்கட்டோ?" என்று கேட்டேன்.

"அட்டவணையில இல்லை" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருடம் சட்டிக் கைப்பிடியைத் திருப்பி வைத்தவள் நான். ஒரு கடலில் இறங்குவதற்கு இந்த மனிதரின் கடதாசியில் எனக்கு ஒரு வரி இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை அவருக்குக் காட்டக் கூடாது என்று மற்றப் பக்கம் திரும்பினேன்.

அந்த நேரம் பார்த்து எங்களுக்குப் பின்னால் ஒரு ஆண்குரல் தன் மனைவியிடம், "ஐஸ்கிறீம் கையெல்லாம் வழியுது, பேப்பர் தாருமப்பா" என்றது.

என் கணவர் திரும்பிய வேகத்தைப் பார்க்க வேண்டும்.

"தமிழோ?"

"ஓம், ஓம்."

"ஊரில எவடம்?"

எங்கள் ஆட்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் பிறகு இடி விழுந்தாலும் காதில் கேட்காது. அவர் தன் ஊர் மட்டுவில் என்றார். இவருடைய அம்மாவின் ஊரும் மட்டுவில். கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று இவர் கேட்க, வடக்குப் பக்கம் என்று அவர் சொல்ல, குளத்தடியா, மில்லடியா என்று போனது. அந்த மனிதரின் மாமியார் என் மாமியாரின் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தியோடு படித்தவராக இருக்கக்கூடும் என்ற இடத்துக்கு வந்தபோது இரண்டு பேரும் வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்துவிட்டார்கள். ஐஸ்கிறீம் அவர் கையில் உருகி ஓடியது.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். இறங்குதுறைக்கு நடந்து போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. "நேரம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், மனிதர் துள்ளி எழும்புவார். அந்தச் சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் அதை விழுங்கிவிட்டேன். அதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை.

சத்தமில்லாமல் படியால் இறங்கினேன். சட்டையைக் கழற்றிச் செருப்பின் மேல் மடித்து வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் நடந்தேன். எங்கள் பக்கத்தில் செப்டெம்பர் என்றால் மாரிக்குளிர் அப்போதுதான் முடிந்திருக்கும், தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குளிர்சாதனப் பெட்டிக்குள் ஏறிப் படுத்ததுபோல இருந்தது. மூச்சு நின்று போனது. திரும்பிவிடலாம் என்றும் நினைத்தேன். பிறகு 'பார்வை மட்டும்' என்பதற்கு அடியில் போட்ட கோடு ஞாபகம் வர, தலையைக் குனிந்து கையை வீசினேன். நாலு வீச்சுக்குப் பிறகு குளிர் தெரியவில்லை. குளத்தைப்போல முட்டித் திரும்பச் சுவர் இல்லை. நீந்திக்கொண்டே போகலாம். எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. அவ்வளவு சந்தோசம்.

மேலே நடந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். அவருடைய போன் அடித்திருக்கிறது. "அண்ணே, கப்பல் பேசுறேன்" என்றாளாம் அவள். "ஏறிட்டேன். கதவைச் சாத்திட்டாங்க. விட்டுட்டுப் போகச் சொன்னீங்கல்ல, அதான் போறேன். றோல்ஸ் ரொம்ப நல்லா இருக்குன்னு அக்காகிட்ட சொல்லிடுங்க."

அக்காவிடம் சொல்லத் திரும்பினால் அக்கா இல்லை. செருப்பும் சட்டையும் கரையில் இருக்கின்றன. தூரத்தில் ஒரு தலை தெரிகிறது.

"அசையாதையும்! அப்பிடியே நில்லும்!" என்று ஒரு குரல் கேட்டு நான் திரும்பிப் பார்த்தேன். நீந்துகிற ஆளிடம் அசையாதே என்று சொல்வதற்கு எங்கள் வீட்டுப் பாதுகாப்பு அதிகாரியால்தான் முடியும். அவர் சப்பாத்தோடும் காற்சட்டையோடும் கடலுக்குள் வந்துகொண்டிருந்தார். மட்டுவில்காரர் கரையில் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். நான் நீந்திக்கொண்டு என் கணவரிடம் போனேன். அதற்குள் தண்ணீர் அவருடைய நெஞ்சுக்கு வந்துவிட்டது. முகத்தில் இரத்தமே இல்லை.

"நீர்... நீந்துறீர்" என்றார்.

"ஓம்."

"எப்ப பழகினனீர்?"

"நீங்கள் முழங்காலை விசாரிச்சுக்கொண்டிருந்த நேரம்."

அவர் சிரிக்கவில்லை. என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தார். பல் கிடுகிடுவென்று அடித்தது.

"எனக்கு நீந்தத் தெரியாது" என்றார்.

"அது தெரியும்தானே."

"இல்லை, உமக்கு விளங்கேல்லை. நெருப்புப் பிடிச்சா நான் உம்மைத் தூக்கிக்கொண்டு வெளியால வந்திடுவன். தண்ணிக்குள்ள நீர் போனா, நான் கரையில நிண்டு பாக்கத்தான் ஏலும்."

'பார்வை மட்டும்' என்பதற்கு அடியில் அந்தக் கோட்டை ஏன் போட்டார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர்மேல் வைத்திருந்த கோபத்தில் பாதி அந்தத் தண்ணீரிலேயே போய்விட்டது. மற்றப் பாதியைப் பிறகு தேவைப்படும் என்று வைத்துக்கொண்டேன்.

"அப்ப இப்ப என்னத்துக்கு இறங்கினனீங்கள்?" என்று கேட்டேன்.

மனிதர் குனிந்து தன் நெஞ்சளவுத் தண்ணீரைப் பார்த்தார். தான் எங்கே நிற்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்ததுபோல இருந்தது.

"அது அட்டவணையில இல்லைத்தான்" என்றார்.

அடுத்த ஃபெரியில், மட்டுவில்காரரின் மனைவி தந்த துவாயை ஆளுக்குப் பாதியாகப் போர்த்திக்கொண்டு இருந்தோம். இரண்டு பேருக்கும் பசி, சாப்பாடு முன்னாலேயே கப்பலில் போய்விட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து அட்டவணையை எடுத்து விரித்தார். மை கரைந்து, பஸ்ஸும் மலையும் பாம்புப் பற்றையும் கபிராவும் ஒரே நீலமாகக் கிடந்தன. அதை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"அந்த வலை கட்டின கடற்கரை" என்றார் பிறகு. "அதில முழங்கால் அளவு தண்ணி எவ்வளவு தூரத்துக்கு இருக்கும்?"

"கன தூரம் இருக்குமாம். ஏன்?"

"அதுவரைக்கும் நானும் வருவன்."

"சப்பாத்தோடயோ?"

"சப்பாத்தைக் கரையில வச்சிட்டு" என்றார் அவர், துவாயின் தன் பாதியிலும் கொஞ்சத்தை என் பக்கம் இழுத்து விட்டுக்கொண்டு.