வீட்டில் ஆள் இல்லை

கம்ப்யூட்டர் இருந்தால் மட்டும் போதாது, வீட்டுக்கு இணையமும் வேண்டும் என்று பெங்களூர் முழுக்க ஒரே நேரத்தில் ஆசை வந்த வருடங்கள் அவை. எங்கள் கம்பெனி அந்த ஆசையை ஊரிலேயே மலிவான விலைக்கு விற்றது. பஸ்களின் முதுகில், மேம்பாலத் தூண்களில், மளிகைக் கடைப் பையில்கூட எங்கள் விளம்பரம் இருந்தது. விலையை எப்படி அவ்வளவு குறைத்தார்கள் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே எனக்குப் புரிந்துவிட்டது. ஒயர் அறுந்தால் போய்ப் பார்க்க ஆள் கிடையாது. ஆனேக்கல் தாலுகா முழுவதற்கும் இரண்டே லைன்மேன்கள், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஏணி. ஆனால் ஒயர் அறுந்துவிட்டது என்று புலம்புகிறவர்களிடம் இனிமையாகப் பேச, எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏசி போட்ட ஒரு மாடி முழுக்க நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

நான் ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வேலைக்கு மட்டும் இங்கிலீஷ். அதனால் என்னைத் தமிழ் டெஸ்க்கில் போட்டார்கள். அங்கே மூன்று பேர் இருந்தோம். ஓசூர் ரோட்டுப் பக்கத்துப் புகார்களை முடிப்பது என் பங்கு. காலையில் கம்பெனி கேப் தெருமுனைக்கு வரும். கழுத்தில் அடையாள அட்டையோடு நான் ஏறுவதை நாலு வீட்டார் பார்க்கட்டும் என்று அம்மா கூடவே வந்து நின்று வழியனுப்புவாள். அங்கே போய் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவளுக்கு விளக்கமாகச் சொன்னதில்லை.

வேலை இதுதான். ஒருவர் புகார் சொன்னால் அதற்கு ஓர் எண் விழும். இரண்டு நாளைக்குள் அந்த எண்ணை முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் இருந்த பெரிய திரையில் அது சிவப்பாகிவிடும். முடிப்பதற்கு இரண்டு வழி. ஒன்று, ஒயரைச் சரிசெய்வது. அது எங்கள் கையில் இல்லை. இன்னொன்று, வாடிக்கையாளரின் வீட்டு டெலிபோனுக்குப் பேசுவது. அவர் எடுக்காவிட்டால் ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று எழுதி மூடிவிடலாம். டெலிபோன் வேறு கம்பெனியுடையது, அதனால் அது ஒழுங்காக அடிக்கும். பத்து ரிங்காவது விட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. நாங்கள் இரண்டு ரிங்கில் வைத்துவிடுவோம். அடுப்படியில் இருக்கும் எந்தப் பெண்ணாலும் இரண்டாவது ரிங்குக்குள் கூடத்துக்கு ஓடிவர முடியாது.

நாலரை ஆனதும் டீம் லீடர் சுவரைப் பார்த்தபடி நாற்காலிகளுக்கு நடுவில் நடப்பார். “ஏனம்மா, இன்னூ நாலு ரெட் இதெ?” என்பார். அவ்வளவுதான். மாடி முழுக்க டயல் செய்வோம், இரண்டு ரிங் விடுவோம், வைப்போம். ஐந்து மணிக்குச் சுவர் பச்சைப்பசேலென்று ஆகிவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நாங்கள் தினமும் பூசணித் தோட்டத்தையே மறைத்தோம். அதில் நான் கெட்டிக்காரி. மாதத்தின் சிறந்த ஊழியர் என்று இரண்டு முறை என் போட்டோவை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினார்கள். வெட்கமாக இருந்ததா என்றால் இல்லை. உள்ளபடி சொன்னால், பெருமையாகத்தான் இருந்தது.

மூடிய புகாரை மறுபடி திறக்க முடியாது. வாடிக்கையாளர் திரும்பக் கூப்பிட்டால் புது எண், எல்லாம் முதலிலிருந்து. சந்தாபுராவிலிருந்து ஓர் அம்மா அப்படி எங்களிடம் ஆறு எண் வாங்கினார். அவருக்குக் கார்மெண்ட் ஃபாக்டரியில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து காயின் பூத்திலிருந்து பேசுவார். பின்னால் லாரிகள் போகும் சத்தம் கேட்கும்.

“மேடம், நேத்தும் ஆளு வரல. வீட்டுக்காரரு காலைலருந்து வீட்லயே குந்திகினு இருந்தாரு.”

“எங்க ரெகார்டுல வீட்ல ஆள் இல்லன்னு இருக்கும்மா. நாளைக்குக் கண்டிப்பா எஞ்சினியர் வருவாரு. யாராவது ஒருத்தர் வீட்லயே இருங்க, எங்கயும் போயிடாதீங்க.”

“அவரு எங்க மேடம் போறாரு...”

‘எங்கேயும் போய்விடாதீர்கள்’ என்ற வரி எங்கள் பேச்சுத்தாளிலேயே அச்சடித்திருந்தது. எத்தனை முறை கூப்பிட்டாலும் அதைத்தான் சொல்ல வேண்டும், சொன்னேன்.

ஐந்தாவது முறை கூப்பிட்டபோது காரணத்தையும் சொன்னார். மகள் சிங்கப்பூரில் நர்ஸ். ஒரு வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுகிறார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை தட்டு மாற்றிப் பேச்சை முடித்துவிடலாம் என்கிறார்கள். “பொண்ணு போன்ல சரின்னுதான் சொல்றா மேடம். ஆனா அப்பாவ கேமராவுல பாத்து ஒரு வார்த்த கேட்டாத்தான் ஆச்சுன்னு ஒரே பிடிவாதம். வெள்ளிக்கெழமைக்குள்ள லைன் வந்துட்டா போதும்.”

“அப்பாகிட்டயும் போன்லயே பேசச் சொல்லலாமேம்மா?” என்றேன்.

“மொத தபாவே சொன்னனே மேடம், அவருக்கு...” என்று தொடங்கினார். காசு தீர்ந்து லைன் அறுந்தது. என்ன சொல்ல வந்தார் என்று நான் யோசிக்கவில்லை. மறுவாரம் ஆறாவது எண் போட்டார், அதையும் புதன்கிழமை மூடினேன்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். எங்கள் கேப் டிரைவர் கீழே ரிசப்ஷனிலிருந்து கூப்பிட்டார். அவரும் சந்தாபுராக்காரர்.

“சிஸ்டர், கொஞ்சம் கீழ வரீங்களா? எங்க பக்கத்து வீட்டுக்காரர இட்டுகினு வந்திருக்கேன். நீங்கதான தமிழ் டெஸ்க்கு?”

ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று வாடிக்கையாளருக்குத் தெரியக்கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. கட்டடத்தில் எங்கள் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. அதுவரை வாடிக்கையாளர் என்றால் எனக்குக் காதில் விழும் ஒரு குரல், அவ்வளவுதான். முகத்தோடு ஒருவர் வந்து நிற்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

ஐம்பதைத் தாண்டிய ஒருவர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். “யாரு பேக்கு? நிமகெ யாரு பேக்கு?” என்று, யார் வேண்டும் எனக் கன்னடத்தில் கேட்டு, செக்யூரிட்டி குரலை ஏற்றிக்கொண்டே போனார். அவர் செக்யூரிட்டியின் வாயையே பார்த்தபடி இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டுவிட்டு ஒரு நோட்டுத்தாளை நீட்டினார். வரிசையாக ஆறு புகார் எண்கள். அந்தச் சந்தாபுரா அம்மாவின் வீட்டுக்காரர். ஒவ்வொன்றுக்கும் எதிரில், அவர் மனைவியின் கையெழுத்தில், நாங்கள் சொன்ன பதில். வீட்டில் ஆள் இல்லை. வீட்டில் ஆள் இல்லை. ஆறு வரியிலும் அதே மூன்று வார்த்தைகள்.

“இவருக்குப் பொறந்ததுலருந்தே காது கேக்காது சிஸ்டர், பேச்சும் வராது,” என்றார் டிரைவர். “வீட்லயே துணி இஸ்திரி போடறாரு. உங்க ஆளு வருவான்னு ரெண்டு வாரமா கடப் பக்கம்கூடப் போவல. இஸ்திரி வேல இல்லாதப்பல்லாம் டெலிபோன் மேல ஒரு கைய வெச்சிகினே குந்திகினு இருப்பாரு. அடிச்சா கையில அதிரும் இல்ல, அதுக்கு.”

இதோ வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு மேலே ஓடி என் கம்ப்யூட்டரில் முதல் எண்ணின் பழைய பதிவைப் பார்த்தேன். அந்தப் புகாரை வாங்கியவள் என் பக்கத்து நாற்காலிப் பெண். குறிப்பு எழுதும் கட்டத்தில் தெளிவாக எழுதியிருந்தாள்: ‘கணவருக்குக் காது கேட்காது. போன் செய்ய வேண்டாம். ஆளை நேராக அனுப்பவும்.’ முதல் புகாரை மூடியபோதே அந்தக் குறிப்பும் அதோடு மூடிப்போய்விட்டது, புது எண்களில் அது இல்லை. மூடியவர் யார் என்ற இடத்தில், குறிப்பைப் படிக்காமலே மூடிய என் ஊழியர் எண் இருந்தது. ஆறிலும் அதே எண்தான் இருந்தது.

மூன்றாவது எண்ணைப் பார்த்தபோது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. வராமலே இருந்திருக்கலாம். அந்த ஒருமுறை போனை எடுத்தார்கள். முதல் ரிங் முடிவதற்குள் எடுத்தார்கள். “ஹலோ, சார்” என்றேன். மறுமுனையில் மூச்சு வாங்கியது, பிறகு தொண்டையிலிருந்து ஒரு சத்தம் மட்டும், “ஆ... ஆ...” என்று. பகலிலேயே குடித்துவிட்டு யாரோ உளறுகிறான் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவளுக்கும் ஹெட்போனைக் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். லைனை வெட்டிவிட்டு ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று எழுதினேன். நான் இருக்கிறேன் என்பதைத்தான் அந்த மனிதர் தன்னால் முடிந்த மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

டீம் லீடரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தேன். பஸ் ஸ்டாப் எதிரில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. சந்தாபுராவிலும் அப்படி ஒன்று இல்லாமலா இருந்திருக்கும்? அவர் முன்பே அங்கே போய் மகளைப் பார்த்திருக்கலாம். போகவிடாமல் இரண்டு வாரம் வீட்டிலேயே உட்காரவைத்தது நாங்கள்தான். அவரை அழைத்துக்கொண்டு அங்கே போனேன். தாளின் பின்பக்கம் மகளின் நம்பர் இருந்தது. அங்கிருந்தே சிங்கப்பூருக்குப் பேசினேன். இரவு டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவள், அப்பா என்ற வார்த்தையைக் கேட்டதும் மீதியைக் கேட்காமலே, “அஞ்சு நிமிஷம்கா” என்று வைத்துவிட்டாள்.

திரையில் மகளின் முகம் தெரிந்தது. ஹெட்போன் அவருக்கு எதற்கு? நான் மாட்டிக்கொண்டேன். அவர் கைகள் இரண்டு அசைவு அசைந்தன. சின்னக் கேள்வியாகத்தான் இருக்க வேண்டும். அவள் சிரித்துக்கொண்டே கையால் பதில் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டார், இந்த முறை மெதுவாக. அவள் கைகள் பாதியில் நின்றன. அழுகைச் சத்தம் என் காதில் கேட்டது. சத்தம் கேட்காத அவர் எனக்கு முன்பே நாற்காலியை இழுத்துத் திரைக்குக் கிட்டே போயிருந்தார்.

“அக்கா, கேக்குதா?” என்றாள் என்னிடம். “அம்மாகிட்ட இத்தன நாளா சரி சரின்னுட்டேன். போன்ல யார்கிட்ட வேணா சரின்னு சொல்லிடலாம்கா. அப்பா மூஞ்சியப் பாத்து சொல்ல முடியாது, கண்டுபிடிச்சிடுவாரு. மாப்ளயோட அம்மா எனக்கு போன் பண்ணாங்க. தாரை வாக்க அப்பா மணையில உக்கார வேணாமாம், பெரியப்பா உக்காரட்டுமாம். பாக்கறவங்க ஒரு மாதிரி பேசுவாங்களாம். இத எங்கம்மாகிட்ட எப்படிக்கா சொல்வேன்?”

எனக்குச் சொன்னதை அவள் அப்பாவுக்கும் கைகளால் சொன்னாள். இடையிடையே கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். அவர் முகத்தில் பெரிதாக ஒரு மாற்றமும் இல்லை. முழுவதும் பார்த்து முடித்தார். பிறகு மேஜைமேல் தூசியைத் தட்டுவதுபோல் உள்ளங்கையால் காற்றை ஒருமுறை துடைத்துவிட்டார். சைகை மொழி தெரியாத எனக்கே புரிந்தது. அந்தச் சம்பந்தம் அங்கேயே முடிந்தது. அவள் அழுகையும் சிரிப்புமாகத் தலையாட்டினாள்.

மறுநாள் காலை தட்டு மாற்ற இருந்தார்கள். ஒரே ஒரு நாள். டிரைவர் அன்றைக்கு லீவு போட்டிருந்தால்? இவர் இன்னொரு பகலும் அந்த டெலிபோனின் மேல் கையை வைத்துக்கொண்டு எங்கள் ஆளுக்காகக் காத்திருந்தால்? அந்தப் பெண்ணின் வாழ்க்கை என் இரண்டு ரிங்கில் இருந்திருக்கிறது. பக்கத்து மேஜையில் ஒருவன் ரயில் டிக்கெட் போட்டுக்கொண்டு யாருடனோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

அவர் என் கையிலிருந்த நோட்டுத்தாளை வாங்கினார். கேமராவுக்கு நேராக அதைப் பிடித்துக் காட்டினார். மகளிடம் ஏதோ கேட்டார். நீளமான கேள்வி.

“அக்கா, அப்பா உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொல்றாரு,” என்றாள் அவள். “அவரு ஒருநாள்கூட வீட்ட விட்டு நகரலயாம். அப்புறம் ஆறு தடவையும் வீட்ல ஆள் இல்லன்னு எழுதினது யாருன்னு கேக்கறாரு. கோவமா கேக்கலக்கா, சும்மா தெரிஞ்சிக்கத்தான்.”

சொல்லியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. லிஃப்ட் பக்கத்தில் என் போட்டோ, தெருமுனையில் நிற்கும் அம்மா, எல்லாம் மனதில் ஓடியது.

“தெரியலம்மா,” என்றேன் மைக்கில். “கம்பெனில நெறைய பேர் வேல செய்யறோம். யாராவது தெரியாம எழுதியிருப்பாங்க.”

திரையில் அவள் கைகள் என் பதிலை அவருக்குச் சொல்லத் தொடங்கின. பாதியில் நிறுத்தி, “அப்பா, இங்க பாருங்க, இங்க” என்பதுபோல் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டாள். அவர் திரைப்பக்கம் திரும்பவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.