லேடாங்கில் இடமில்லை, டத்தோ மலைக்குப் போனோம்

இந்த ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் நானும் அண்ணியும் லேடாங் மலை ஏறுவதென்று கிளம்பினோம். ஏறியது வேறு மலை. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம் முடிந்து ஓராண்டு ஆகிறது. இத்தனை காலம் அடைத்துக் கிடந்த காட்டைப் பார்க்க ஊரே புறப்பட்டுவிட்டது. லேடாங் அடிவாரம் வரை போய் இடம் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். உல்லாசப் பயணக் கதையை எதிர்பார்ப்பவர்கள் வேறு பக்கம் புரட்டிக்கொள்ளலாம்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் நில அளவைக் குழுவில் சங்கிலி பிடிக்கிற வேலையில் இருந்தார். மெர்டேக்கா சுதந்திரத்துக்கு முந்திய ஆண்டு ஒரு குழுவோடு லேடாங் அடிவாரக் காட்டுக்குள் போனார். மழையில் குழு சிதறியது. மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள், அண்ணன் வரவில்லை. தேடினார்கள், கிடைக்கவில்லை. அவருடைய சட்டைத்துணி கூடக் கிடைக்கவில்லை. அது காட்டுக்குள் யாரும் அதிக நேரம் நிற்கத் துணியாத காலம்.

அண்ணி அன்றிலிருந்து மலாக்கா காஜா பெராங்கில் எங்களோடுதான் இருக்கிறார். ரவிக்கை தைக்கிறார். ஐந்து வருஷமும் பூவும் பொட்டுமாகத்தான் இருந்தார். அதைப் பற்றி உறவுக்காரர்கள் பேசாத பேச்சில்லை. கடைசியில் அம்மா, தர்ப்பையில் உருவம் செய்து வைத்து ஆடி அமாவாசையன்று கருமாதி செய்துவிடலாம் என்று ஐயரைக் கேட்டுவிட்டு வந்தார். அண்ணி சம்மதித்தால்தான் என்று நான் சண்டை போட்டேன். அண்ணி அழவில்லை.

“அந்த மலைய ஒரு தடவ கிட்டப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்” என்றார்.

எங்கள் ஊரிலிருந்தே லேடாங் தெரியும்தான். வானம் தெளிவாக இருக்கிற காலையில் கிளேபாங் கடற்கரையில் நின்று திரும்பிப் பார்த்தால் நீலமாக அதன் தலை தெரியும். தலை மட்டும்தான். அண்ணி கேட்டது அதை அல்ல.

வெள்ளிக்கிழமை அமாவாசை. அதற்கு முந்திய சனிக்கிழமைதான் கையில் இருந்தது. புக்கிட் ரம்பாய் முனியாண்டி மாமாவின் பழைய மோரிஸ் காரைப் போக வர பதினெட்டு வெள்ளி வாடகைக்குப் பேசினேன். விடியற்காலை ஐந்துக்கே கிளம்பியிருக்க வேண்டும். சமையல், குளியல் என்று ஆறாகிவிட்டது. ஆறு அடித்ததும் அம்மா வாசலை மறித்துக்கொண்டார். சனிக்கிழமை ஆறிலிருந்து ஏழரை வரை குளிகை. குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும், துக்கத்துக்குப் போகிற பயணத்தை அதில் தொடங்கவே கூடாது என்பது அம்மாவின் சட்டம். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற எனக்கு அம்மாவை அடக்கத் தெரியவில்லை. ஏழரைக்குத்தான் கார் நகர்ந்தது.

ஜாசின் வழியாக அசஹான் போய்ச் சேர்ந்தபோது எட்டே முக்கால். அடிவாரத்தில் இரண்டு பேருந்துகள் நின்றன. சாரணர் பிள்ளைகள் ஒரு கூட்டம், சிங்கப்பூரிலிருந்து வந்த சங்கத்துக்காரர்கள் ஒரு கூட்டம். பாதை தொடங்கும் இடத்தில் நின்ற காவலர் கையை ஆட்டி “பெனோ, பெனோ” என்றார். நிறைந்துவிட்டதாம். மேலே போனவர்கள் இறங்கவே சாயங்காலம் ஆகும், இனி ஒருவரையும் விட முடியாது என்று மலாயில் சொன்னார். நான் விடவில்லை. எங்களுக்கு உச்சி வேண்டாம், கொஞ்ச தூரம் உள்ளே போனால் போதும் என்று கெஞ்சினேன், பிறகு சத்தம் போட்டேன். அவர் கோபப்படவே இல்லை. “நாளைக்கு வாருங்கள், தங்கச்சி” என்று மட்டும் சொன்னார்.

முன்னால் ஏதோ ஒரு கூட்டம் ஒன்றரை மணி நேரம் முந்திவிட்டதற்காக அண்ணியின் ஐந்து வருஷம் வாசலிலேயே நிற்பதா என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. அம்மா மேலும் கோபம், பஞ்சாங்கத்தின் மேலும் கோபம்.

அண்ணி மரங்களுக்கு நடுவே போகிற பாதையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காரிடம் வந்தார்.

“முனியாண்டி, இந்த மலைய வேற எங்கேருந்து நல்லா பாக்கலாம்?”

மாமா தலையைச் சொறிந்தார். “ரெம்பாவ் பக்கத்துல குனோங் டத்தோன்னு ஒரு மலை இருக்கு, அக்கா. ஒரு தொரைய ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன். மேலேருந்து லேடாங் அடியோட தெரியுதுன்னு சொன்னாரு. ஆனா செங்குத்து. சேலையில ஏறுவீங்களா?”

“ஏறிப் பாக்கறேன். போங்க.”

நியாலாஸ், பத்தாங் மலாக்கா வழியாகத் தம்பின் வந்தோம். வழி நெடுக ரப்பர் தோட்டம். தம்பினில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, ரெம்பாவ் சாலையில் சில மைல் போய் வலது பக்கம் பத்தாங் ஞாமோர் என்ற மலாய்க் கம்பத்துக்குள், அதாவது கிராமத்துக்குள், திரும்பினோம். பத்தரை மணி. வண்டி டுரியான் தோப்பு வரைதான் போகும். அங்கே மாமாவுக்குத் தெரிந்த பாக் சமாட் என்பவர் வழி காட்ட வந்தார். சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் வைத்திருக்கிறவர், ஐம்பது வயதிருக்கும். எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, மழைக்கு முன்னால் இறங்கியாக வேண்டும், இரண்டரைக்கு மேல் உச்சியில் நிற்க விடமாட்டேன் என்று மட்டும் நிபந்தனை போட்டார்.

டத்தோ மலை மூவாயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவு. உயரம் லேடாங்கை விடக் குறைச்சல்தானே என்று அலட்சியமாக வராதீர்கள். லேடாங்கில் மூச்சு வாங்கச் சமதளம் உண்டு என்கிறார்கள். இங்கே முதல் அடியிலிருந்தே ஏற்றம். வேர்களைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். நேற்றைய மழை காயாமல் இருந்தது. கான்வாஸ் சப்பாத்து போட்டிருந்தும் நான் இரண்டு தடவை விழுந்தேன். அட்டைகள் கணுக்காலில் ஏறின. பாக் சமாட் புகையிலையை நனைத்துக் காலில் தேய்த்துக்கொள்ளச் சொன்னார், அது வேலை செய்தது. “பெலான், பெலான்” என்று என்னிடம் மட்டும்தான் சொல்லிக்கொண்டு வந்தார். மெதுவாகப் போகச் சொல்ல வேண்டிய நிலையில் நான்தான் இருந்தேன். அண்ணி சேலையை முழங்கால் வரை ஏற்றிச் செருகிக்கொண்டு முன்னால் போனார்.

ஆனால் அவர் அடிக்கடி நின்றார். களைப்பில் நிற்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பாதையை விட்டு ஓரடி விலகி, பெரிய மரங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒரு பாறை இடுக்கில் குனிந்து பார்த்தார். அண்ணன் கால் வைத்தே இராத மலை இது. அது அவருக்கும் தெரியும். பாக் சமாட் ஏதாவது தொலைந்துவிட்டதா என்று என்னிடம் மெல்லக் கேட்டார். அவருக்கு மலாயில் விஷயத்தைச் சொன்னேன். அதன் பிறகு அண்ணி நின்ற இடத்திலெல்லாம் அவரும் நின்று காத்திருந்தார்.

மூன்று மணி நேரம் ஆயிற்று. உச்சியில் வீட்டளவு பெரிய பாறைகள். கடைசிப் பாறைக்கு மரக்கட்டையில் பிரம்பு கட்டிய ஏணி சாய்த்திருக்கிறது. உயரம் பார்த்தால் தலை சுற்றுகிறவர்கள் ஏணிக்குக் கீழேயே உட்கார்ந்துவிடுவது நல்லது. நாங்கள் ஏறினோம். மேலே போனால் வெறும் வெள்ளை. மேகம். எதிரே நிற்கிற பாக் சமாட்டின் சட்டை நிறம் கூடச் சரியாகத் தெரியவில்லை. இத்தனை தூரம் வந்து இதுதானா என்று எனக்கு அழுகை முட்டியது. அண்ணி பாறையில் உட்கார்ந்து முந்தானையைப் போர்த்திக்கொண்டார்.

இரண்டு மணிக்கு மேல் காற்று திரும்பியது. மேற்கே முதலில் கடல் தெரிந்தது, தகரம் போல. பிறகு தென்கிழக்கே மேகம் விலகி லேடாங் வந்தது. முப்பது மைலுக்கு மேல் இருக்கும். கடற்கரையிலிருந்து பார்க்கிற நீலத் தலை இல்லை இது. தோளும் இடுப்பும் அடியும் தெரிந்தன. அடியிலிருந்து காடு புறப்பட்டு, இடையில் தோட்டங்கள் கொஞ்சம் வெட்டியும், மற்றபடி விடாமல் மடிப்பு மடிப்பாக வடக்கே கண்ணுக்கு எட்டுகிற வரை போயிற்று. அதற்கு ஒரு ஓரம் இருப்பதாகவே தெரியவில்லை.

அண்ணி எழுந்து நின்று பார்த்தார்.

“இவ்ளோ காடா, கமலம்?”

“ஆமா, அண்ணி.”

“ரெண்டு வாரம் தேடுனோம், மூணு வாரம் தேடுனோம்னு வந்து சொன்னாங்கல்ல. எனக்கு அவங்க மேல எவ்ளோ ஆத்திரம் தெரியுமா. சரியா தேடாம வந்துட்டாங்கன்னே நெனச்சேன். அவர் கூட வேல செஞ்ச ஆளுங்க பாசார்ல எதிர்க்க வந்தா மொகத்தத் திருப்பிக்குவேன்.” கையை நீட்டி அந்தக் காடு முழுவதையும் காட்டினார். “இதுல எங்கேன்னு தேடுவாங்க, பாவம்.”

கொஞ்சம் கழித்து, “அங்க உள்ள விட்டிருந்தா நான் ஒவ்வொரு மரமா பாத்துக்கிட்டே இருந்திருப்பேன். திரும்பி வந்திருக்க மாட்டேன்” என்றார்.

எனக்கு அந்த நேரத்தில் ஒன்று புரிந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. சம்மதம் கேட்கவேண்டும் என்று நான் அம்மாவோடு போட்ட சண்டையெல்லாம் அண்ணிக்காக என்றுதான் நம்பியிருந்தேன். அண்ணன் வந்துவிடுவார் என்று வீட்டில் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தது நான்தான். அண்ணி வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்ற தைரியத்தில்தான் அவரைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து மூன்று பேரும் சாப்பிட்டோம். பாக் சமாட் தமிழர் புளிச்சோறு காரம் என்றார், இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டார். இரண்டரைக்கு இறங்கத் தொடங்கி ஐந்து மணிக்குத் தோப்புக்கு வந்தோம். அண்ணி வழியில் எங்கேயும் நிற்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: காஜா பெராங்கிலிருந்து நேரே வந்தால் தம்பின் வழியாக முப்பத்தைந்து மைல்தான், எங்களைப் போல அசஹான் சுற்ற வேண்டியதில்லை. பேருந்தில் தம்பின் வரை வந்து அங்கே வாடகைக் கார் பிடிக்கலாம். உள்ளூர் ஆள் இல்லாமல் ஏறாதீர்கள், பாதை இரண்டு இடத்தில் பிரிகிறது. தண்ணீர் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். காலை எட்டுக்குள் ஏறத் தொடங்கினால் மேகம் மூடுமுன் எல்லாம் பார்க்கலாம். அதற்குக் குளிகைக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், அல்லது குளிகை பார்க்காத அம்மா வேண்டும். பாக் சமாட் கூலி வாங்க மறுத்துவிட்டார். வற்புறுத்தியும் கேட்கவில்லை.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. தம்பின் தாண்டியதும் முனியாண்டி மாமா, இவ்வளவு நேரம் சொல்லலாமா வேண்டாமா என்று வைத்திருந்ததைப் போல, கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சொன்னார்.

“டீச்சர், காலையிலயே அந்தக் காவலர்கிட்ட கேட்டுட்டு வந்தேன். அடுத்த சனிக்கிழம லேடாங்குல எடம் இருக்காம். பேரு குடுத்துரட்டுமா?”

அடுத்த சனிக்கிழமை என்றால் அமாவாசைக்கு மறுநாள். பின்சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த அண்ணிதான் பேசினார்.

“வேணாம், முனியாண்டி. துக்க வீட்டுக்காரங்க ஒரு வருசம் மலை ஏறக்கூடாதுல்ல.”

துக்க வீடு என்ற சொல்லை ஐந்து வருஷமாக எங்கள் வீட்டில் ஒருவரும் அவர் காதுபட உச்சரித்ததில்லை. மாமா சரி என்று தலையாட்டிவிட்டு வண்டியை ஓட்டினார். நான் அலோர் காஜா வரும்வரை அழுதேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

லேடாங் போகிறவர்கள் விடுமுறைச் சனிக்கிழமைகளைத் தவிர்த்து, முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். வழித்துணைக்கு வரச்சொல்லித் தெரிந்தவர்கள் சிலர் இப்போதே கேட்கிறார்கள். அடுத்த ஆடி வரை எங்கள் வீட்டிலிருந்து யாரும் வர முடியாது.