குங்குமப்பூ அல்ல, குசும்பா

புகாராச் சந்தையில் வாசலைப் பார்த்த முதல் கடை ஷரோஃபத்துடையது. இருபது வருடமாக அவள் விற்பது சோற்றுக்கு நிறம் கொடுக்கும் குசும்பாப் பூ. முட்செடிதான். பனி காயுமுன் முள் கொஞ்சம் இளகியிருக்கும் என்று, விடியல் தொழுகை முடிந்த கையோடு பறிக்க இறங்கிவிடுவாள். கணவர் எர்காஷ் மௌத்தான பிறகும் அந்த மானாவாரி நிலத்தை அவள் விடவில்லை.

அந்தக் கோடையில் வெளியூர்க்காரர்கள் வந்து குங்குமப்பூ குங்குமப்பூ என்று கேட்டார்கள். அதற்கு எங்கே போவது? வரிசைக் கடைக்காரர்கள் கூடிப் பேசி, குசும்பா மூட்டைகளிலேயே அந்தப் பெயரை எழுதிவிட்டார்கள். ஷரோஃபத் மட்டும் எழுதவில்லை. வரிசைத் தலைவர் துர்தி வந்து நின்றார்.

"அக்கா, நீங்க மட்டும் வேற பேரு சொன்னா நாங்கல்லாம் திருடங்கன்னு ஆயிடும்ல?"

"நான் யாரையும் ஒண்ணும் சொல்லலையே தம்பி. என் பூவோட பேரைத்தான் சொல்றேன்."

"சோத்துல போட்டா ரெண்டும் ஒரே நிறம். யாருக்குத் தெரியப் போவுது?"

"உங்க மக கல்யாணப் புலாவுல எதைப் போட்டீங்க?"

பக்கத்துக் கடை மஸ்தூரா சிரிப்பை அடக்க முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். துர்தியின் முகம் சுருங்கியது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதுங்க. இல்லன்னா இந்த இடம் வேற ஆளுக்கு. நீங்க வெங்காய வண்டிப் பக்கம் போயிருங்க."

வெள்ளிக்கிழமை வந்தது. ஷரோஃபத் எழுதவில்லை. இரண்டு கிண்ணங்களில் வெந்நீர் ஊற்றி வைத்தாள். ஒன்றில் தன் பூவைப் போட்டாள். இன்னொன்றில், வீட்டில் மருந்துக்கு வைத்திருந்த அசல் குங்குமப்பூவில் நான்கு இழை. குசும்பா போட்டதுமே சாயத்தைக் கொட்டிவிட்டது, வாசனை இல்லை. குங்குமப்பூ அவசரப்படவில்லை. தண்ணீர் மெல்ல மெல்லப் பொன்னாகி, மணம் எழும்பியது. கூட்டம் சேர்ந்தது. துர்தியும் வந்துவிட்டார்.

"பாத்துக்கங்க தம்பி. அது கெழங்குல மொளைக்கும், குளிர் தொடங்கறப்ப பூக்கும். இது முள்ளுல வரும், வெயில்ல பூக்கும். ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. அதுக்காக இது மட்டமா? இதோட வெதை எண்ணெய்ல தாளிச்ச புலாவ நீங்களே சட்டிய வழிச்சுத் தின்னிருக்கீங்க. அல்லாஹ் ரெண்டையும் தனித்தனியாத்தான் படைச்சான். ஒண்ணாக்க நான் யாரு, நீங்க யாரு?"

அவள் இடத்தைக் காலி செய்யத் துர்தி குனிந்து அவள் மூட்டையைத் தூக்கினார்.

"வைங்க தம்பி. எனக்கே கை இருக்கு."

அவளே சுமந்து போனாள். வெங்காய வண்டிகளின் ஓரத்தில் நிழலும் இல்லை, ஆள் நடமாட்டமும் குறைவு. மதியத் தொழுகைக்குப் பிறகு ஒரு பெண் வந்து மூட்டைக்குள் கையை விட்டாள்.

"குங்குமப்பூவா?"

"இல்லம்மா. குசும்பா."

அந்தப் பெண் கையை உதறிவிட்டு நடந்தாள். ஷரோஃபத் எழுந்து நின்றாள். வாசல்வரை கேட்கட்டும் என்று இன்னும் உரக்கக் கூவினாள்.

"குசும்பா, குசும்பாப் பூ."