காற்றில் தொங்கிய வாளி

தம்பி வேலை பார்த்த வளைகுடா நாட்டுத் துறைமுகத்தில் குண்டு விழுந்த செய்தி ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. அவனுடைய போன் அணைந்து கிடந்தது. பத்து மணிக்கெல்லாம் அந்த வீடியோவும் வந்துவிட்டது. சில நொடிகள்தான். நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் வலது பாதி புகையோடு சரிகிறது, யாரோ ஓடுகிறார்கள், அவ்வளவுதான்.

நான் தஞ்சாவூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். அந்தத் தகுதியில், சொந்தக்காரர்கள் போனுக்கு வருவதெல்லாம் நிஜமா பொய்யா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையும் என் தலையில்தான். அரை மணி நேரத்தில் ஏழு பேர் எனக்கு அதை அனுப்பினார்கள். ஒருவர் கும்பிடும் கை படத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார். அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

வீடியோவுக்குக் கீழே பெரிய சண்டை. பழைய பூகம்பக் காட்சி என்றார் ஒருவர். கம்ப்யூட்டர் கேம் என்றார் இன்னொருவர். நிழலுக்கு அம்புக்குறி போட்டு இது காலை நேரமே இல்லை என்று ஒருவர் நிரூபிக்க, அதே நிழலை வைத்து இது காலைதான் என்று வேறொருவர் நிரூபித்தார். எல்லாரும் டீக்கடையில் கிரிக்கெட் பேசுவதுபோலப் பேசினார்கள். பொய் என்ற கட்சிக்குத் தலைவன் மாதிரி ஓர் ஆள் இருந்தான். மற்ற நாளில் அவன் எழுதுவதைப் படித்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். அன்று அவனுடைய ஒவ்வொரு வரிக்கும் லைக் போட்டேன். அவன் வாய்க்குச் சர்க்கரை போடலாம் என்றுகூடத் தோன்றியது.

பதினொரு மணிவாக்கில் அவன் ஒரு படம் போட்டான். கட்டடம் சரிவதற்கு முந்தைய நொடியில் வீடியோவை நிறுத்தி, சரிந்த பாதியில் மூன்றாம் மாடி ஜன்னல் ஒன்றைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே ஒரு நீல வாளி தொங்கியது. எந்த மனிதன் மூன்றாவது மாடியில் வாளியை வெளியே தொங்கவிடுவான், இது ஏஐ சொதப்பல், விவாதம் முடிந்தது என்று எழுதியிருந்தான். கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டி நின்றன.

என் தம்பி தொங்கவிடுவான். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் வீணாகப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல், ஜன்னல் கம்பியில் வாளியைக் கட்டி, அந்தத் தண்ணீரைப் பிடித்துத் துணி துவைப்பான். கடைமடைக்காரன், மேலே இருக்கிற வயல்கள் எல்லாம் குடித்த பிறகு வாய்க்காலில் மிச்சம் வருமா என்று காத்துக் கிடந்து வளர்ந்தவன். ஒருநாள் வீடியோ காலில் தெருவில் நின்றுகொண்டு, வாளி தொங்குகிறதே அதுதான் எங்கள் ரூம் என்று காட்டினான். நாங்கள் எல்லோரும் அவனைக் கிண்டல் செய்தோம்.

அந்தப் பதிவின் கீழே, இது நிஜம், அது என் தம்பியின் ரூம், அங்கே இருப்பவர்கள் யாராவது தகவல் சொல்லுங்கள் என்று எழுதினேன். பதில் உடனே வந்தது. இந்த ஐடியும் ஃபேக் என்றார்கள். ஒருத்தன், காசு வாங்கிக்கொண்டு அழுகிறாள் என்றான். போனை வீசி எறியக் கை ஓங்கினேன். தம்பி கூப்பிட்டாலும் கூப்பிடுவான் என்று பையில் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரை எடுத்து ஊருக்குக் கிளம்பினேன்.

தம்பி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பங்காளி வீட்டுப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கூடத்தில் குறுவைக்கான விதைநெல் சாக்கில் முளைகட்டித் தயாராக இருந்தது. ஆறு மாதமாக விவசாயத்தைத் தனியாகப் பார்ப்பவள் தம்பி மனைவிதான். முளைவிட்ட நெல் காத்திருக்காது. அன்றைக்கே நாற்றங்காலில் தெளித்தாக வேண்டும், இல்லையென்றால் சூடேறி, வேர் பின்னிக்கொண்டு வீணாகிவிடும். ஆனால் சாவு விழுந்த வீட்டில் விதையைத் தொடும் வழக்கம் எங்களிடம் இல்லை. தகவல் தெரிகிறவரை கைவைக்க வேண்டாம் என்று பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனாலும் அதை என்னால் காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை.

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க அண்ணி. அந்த வீடியோ நெசமா, பொய்யா?"

"பொய்தாம்மா. ஏஐல செஞ்சது" என்றேன், வகுப்பில் பேசுகிற குரலில். நிழலைப் பற்றி யார் யாரோ எழுதியதை அப்படியே ஒப்பித்தேன். வாளியைப் பற்றி வாயே திறக்கவில்லை. டீச்சரே சொல்லிவிட்டால் சரி என்று பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

அவள் சேற்றில் இறங்கி, பின்னால் நகர்ந்துகொண்டே நெல்லை வீசினாள். ஓர் இடத்தில்கூடக் குவியவில்லை. நான் போனைப் பிடித்தபடி வரப்பில் நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் அந்தச் செய்தி வந்தால், புருஷன் செத்த அன்றைக்கு வயலில் இறங்கினாள் என்று ஊர் அவளைத்தான் பேசும். இறக்கிவிட்டவள் நான். என் முகத்தில் அவள் விழிக்கவே மாட்டாள் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து தம்பி பேசினான். குண்டு விழுந்தபோது வேறொரு யார்டில் வேலையில் இருந்திருக்கிறான். போன் ரூமில் சார்ஜில் இருந்திருக்கிறது. கூடத் தங்கியிருந்த இரண்டு பேர் இல்லை என்று சொல்லும்போது அழுதுவிட்டான். நானும் ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் அழுதேன். இணையத்தில் அதற்குள் வேறொரு வீடியோவுக்குச் சண்டை மாறியிருந்தது.

அன்று சாயங்காலமே ஊருக்குப் போனேன். அவள் நாற்றங்காலில் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள். மனசு கேட்காமல், அந்த வீடியோ நிஜம், தெரிந்தேதான் உன்னிடம் பொய் சொன்னேன் என்றேன்.

"தெரியும் அண்ணி. நீங்க வர்றதுக்கு முன்னாடியே நான் அதுல அந்த வாளியப் பாத்துட்டேன்."

பிறகு எதற்கு என்னிடம் கேட்டாய் என்றேன். அவள் மண்வெட்டியை வரப்பில் வைத்தாள்.

"பெரியவர் காதுல விழணும்னுதான் கேட்டேன். வெதைக்காம உக்காந்திருந்தா, அவரு செத்துட்டார்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல."