தாய்வழி இரத்தம்

என் அண்ணை செத்தது ஒரு பல்லினால்.

சண்டிலிப்பாயில் எங்கள் வளவுக்கும் மேற்கு வளவுக்கும் நடுவில் ஓடிய வேலியில்தான் அது தொடங்கியது. வேலி அடைக்கிற போதெல்லாம் கதியால் தடிகளை ஒரு சாண் எங்கள் பக்கம் தள்ளி நடுவது மேற்கு வளவுக்காரரின் வழக்கம். ஐயா ஏசுவார், அவரும் ஏசுவார், அதோடு முடியும். அந்த ஆண்டு அண்ணை ஏசவில்லை. புதிதாக நட்டிருந்த கதியால்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அவருடைய புகையிலைக்குள் எறிந்தார்.

"எடேய், ஆரின்ரை வேலியிலை கை வைக்கிறாய்?" என்று கத்திக்கொண்டு மேற்கு வளவுக்காரர் பொல்லோடு பாய்ந்து வந்தார்.

"எங்கடை காணிக்குள்ளை நிக்கிற கதியால். உனக்குக் கண் பொட்டையோ?"

நானும் அக்காவும் கிணற்றடியில் நின்றோம். பொல்லு அண்ணையின் வாயில் விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. அண்ணை விழுந்து எழும்பி, பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்து அதன் பிடியால் அவருடைய மண்டையில் ஓங்கிப் போட்டார். விழுந்தவரை விடாமல் திரும்பவும் போட்டார். மண்டை பிளந்து முகம் முழுவதும் இரத்தம். அவருடைய பெண்சாதி தலையிலடித்துக் குழறியபடி அவரை இழுத்துக்கொண்டு போனாள். அண்ணை ஒரு பல்லைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"எனக்கு ஒரு பல்லு, அவருக்கு ஒரு மண்டை."

அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தாள். நிலத்தில் கிடந்த பல்லைக் கண்டதும் சேலைத் தலைப்பைச் சுருட்டி அண்ணையின் வாய்க்குள் வைத்து அழுத்தினாள். ஒரு பல்லுக்கு ஏன் இப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

பல் போன இடத்தில் இரத்தம் நிற்கவில்லை. பீறிட்டுப் பாயவுமில்லை. சின்ன ஊற்றுப் போலக் கசிந்துகொண்டே இருந்தது. உப்புத் தண்ணீரால் கொப்பளித்தார், பரியாரி தந்த பொடியை அப்பினோம், துணியைச் சுருட்டிக் கடிக்கக் கொடுத்தோம். துணி சிவந்து சிவந்து வந்தது. நித்திரையில் விழுங்கிய இரத்தத்தை விடிந்ததும் கறுப்பாகச் சத்தியெடுத்தார். விழுந்தபோது அடிபட்ட தொடையும் வீங்கிக் கத்தரிக்காய் நிறமாயிற்று.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்" என்று அம்மா ஐயாவின் காலைப் பிடித்தாள்.

"அங்கை போனால் கேள்வி கேப்பாங்கள்" என்று ஐயா காலை உதறினார்.

அண்ணையின் உதடு வெள்ளையாகிய பிறகுதான் ஐயா வண்டி பூட்டினார். மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்குத்தர் வாயைத் திறந்து பார்த்தார், தொடையை அமர்த்திப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார்:

"அம்மா, உங்கடை சகோதரங்களிலை ஆம்பிளையள் ஆரும் இப்பிடி இரத்தம் நிக்காமல் செத்தவையோ?"

அம்மா வாய் திறக்குமுன் ஐயா சொன்னார்: "அப்பிடி ஒண்டும் இல்லை."

டாக்குத்தர் தன்னால் ஆனதைச் செய்தார். அண்ணை என் கையைப் பிடித்தபடிதான் கிடந்தார். "தண்ணி தா" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அந்தக் கை குளிர்ந்துகொண்டு வந்ததை இன்றும் என் கை மறக்கவில்லை.

பிரேதம் வீட்டுக்கு வந்ததும் எங்கள் ஆட்கள் மேற்கு வளவுக்குள் பாய்ந்தார்கள். புகையிலை உலர்த்தும் புகைக்குடிலைக் கொளுத்தினார்கள். கட்டி நின்ற நாம்பன் மாட்டைக் கத்தியால் வெட்டினார்கள். அது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி எங்கள் வாசலில் வந்து விழுந்து செத்தது. மேற்கு வளவுக்காரரின் மனுசியை மயிரில் பிடித்து முற்றத்தில் இழுத்தார்கள். மண்டைக் கட்டோடு அவளுடைய புருசன் முன்னமே பொலிசிடம் போய்விட்டார். அவருடைய பிளந்த மண்டை நன்றாக ஆறியது.

வழக்கு யாழ்ப்பாணத்தில் ஜூரிமார் முன் நடந்தது. கொலைக் குற்றம். பொல்லால் அடித்த அடிதான் உயிரை எடுத்தது என்றார் அரசாங்கத்துக்காக வாதாடிய அப்புக்காத்து. டாக்குத்தர் சாட்சிக் கூட்டில் ஏறி, இந்த அடி வேறு யாருக்கும் விழுந்திருந்தால் பல் மட்டும்தான் போயிருக்கும் என்றார். சிலருடைய இரத்தம் உறையாது. அந்தக் கோளாறு பெண்ணின் உடம்பில் ஒளிந்திருக்கும். அவளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அவள் பெறுகிற ஆண்பிள்ளைகளில் சிலருக்கு வரும். பெண்பிள்ளைகளில் சிலர் அதைத் தங்கள் வயிற்றுக்குக் கொண்டுபோவார்கள். யார் கொண்டுபோவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஆனால் தாயின் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லையென்று தகப்பன் சொல்லியிருப்பதால், இது அந்த நோய்தான் என்று தன்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார்.

அதன்பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்கள். அன்று காலை புறப்படுமுன் ஐயா அவளிடம் சொன்னது எனக்குத் தெரியும். "ஒண்டும் தெரியாது எண்டு சொல்லு. அவன் தூக்கிலை தொங்கட்டும். ரண்டு குமரை வைச்சுக்கொண்டு, எங்கடை இரத்தம் பழுது எண்டு ஊருக்குச் சொல்லப் போறியோ?"

எதிரிக் கூட்டில் நின்ற மேற்கு வளவுக்காரரின் அப்புக்காத்து, டாக்குத்தர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். அம்மா சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஓம். என்ரை மூத்த அண்ணை பல்லுப் பிடுங்கிச் செத்தவர். தம்பி நடக்கத் தொடங்கேக்கை விழுந்து, நாக்குக் கடிபட்டுச் செத்தவன்."

இருவரும் காய்ச்சலில் போனவர்கள் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அக்கா என் தொடையை நகம் பதியக் கிள்ளிப் பிடித்தாள்.

அரசாங்கத்து அப்புக்காத்து எழும்பினார். அப்படியென்றால் பக்கத்து வளவில் இத்தனை காலம் இருந்த எதிரிக்கும் அது தெரிந்திருக்கும், தெரிந்துதான் வாயில் அடித்தான் என்று மடக்கினார்.

"என்ரை பிள்ளையளுக்கே தெரியாது" என்றாள் அம்மா. "என்ரை அண்ணையைக் கட்டினவவுக்கும் நாங்கள் சொல்லேல்லை. இந்த மனுசனுக்கு எப்பிடித் தெரியும்?"

மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தது எதிரியை அல்ல. என்னையும் அக்காவையும்.

கொலை இல்லையென்று ஜூரிமார் சொன்னார்கள். மேற்கு வளவுக்காரருக்கு மறியல் சிறை கிடைத்தது, கழுத்துத் தப்பியது. கோட்டு வாசலில் எல்லார் முன்னாலும் ஐயா அம்மாவின் கன்னத்தில் அறைந்தார். வீட்டுக்கு வந்ததும் சட்டி பானைகளை உடைத்தார். உடைக்க ஒன்றும் மிஞ்சாதபோது அம்மாவைப் பிடித்தார். அடி, உதை. நான் நடுவில் விழுந்தேன்; எனக்கும் விழுந்தது. அக்கா ஐயாவின் ஓங்கிய கையைப் பிடித்து, எலும்பில் பல் முட்டும்வரை கடித்தாள்.

"என்னையும் தங்கச்சியையும் அடிச்சு அடிச்சு வளத்தனீங்கள்" என்றாள், வாயில் இரத்தத்தோடு. "அண்ணைக்கு ஒருநாளும் கை ஓங்கேல்லை. உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போக விடேல்லை."

ஐயா கடிபட்ட கையைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அந்த இரத்தம் தானாக நின்றது. அவர் உடைந்த சட்டிகளுக்கு நடுவில் குந்தியிருந்து குழறி அழுதார். அதற்குப் பிறகு எங்கள் ஒருவரையும் அவர் அடித்ததில்லை, அம்மாவோடு கதைக்கவுமில்லை.

அக்காவுக்கு இணுவிலில் பேசியிருந்த சம்பந்தம் குழம்பியது. தெருவில் போனால், "இரத்தம் நிக்காத குடி" என்று எங்கள் காதில் விழத்தான் சொல்வார்கள். சில ஆண்டுகள் சென்று சுன்னாகம் ரயில் ஸ்டேசனில் வேலை பார்த்த ஒருவர், மனைவியை இழந்தவர், அக்காவைக் கேட்டு வந்தார். அம்மாவே அவரை இருத்தி எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஊரெல்லாம் சொல்லுது மாமி. கேட்டுப்போட்டுத்தான் வாறன்" என்றார் அவர்.

நானும் பிறகு கலியாணம் செய்து மூன்று ஆண்பிள்ளைகளைப் பெற்றேன். மூவரும் விழுந்து எழும்பி, காயம் காய்ந்து வளர்ந்தார்கள். அக்காவின் மூத்தவனுக்கும் ஒன்றுமில்லை. இரண்டாவது மகன் தவழத் தொடங்கியபோது முழங்காலில் நீலம் நீலமாகக் கன்றியது. அக்கா அழவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதே டாக்குத்தரிடம் போய், தாய்மாமனையும் அவருக்கு முந்தின இரண்டு பேரையும் பற்றி ஒன்றும் விடாமல் சொன்னாள். பால்பல் விழுகிற காலத்தில் அவனை ஆஸ்பத்திரியிலேயே கிடத்தி வைத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அக்கா வகுப்புக்குள் போய், வாத்தியாரும் பிள்ளைகளும் கேட்கச் சொன்னாள்: "இவனுக்கு ஆரும் அடிச்சால் இவன் செத்துப் போவான். விளையாட்டுக்குச் சொல்லேல்லை."

வாத்தியார் அவன்மேல் பிரம்பை எடுக்கவே இல்லை. அதைக் கண்டு மற்றப் பெடியள் செய்த குழப்படிகளையெல்லாம் அவன் பேரில் போட்டுவிட்டார்கள். அவனும் சந்தோசமாக எழும்பி நின்று, நான்தான் செய்தது என்று ஒத்துக்கொள்வானாம். அதை அக்கா வந்து சொன்னபோது, அண்ணை போனதற்குப் பிறகு முதல் தடவையாக அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.